தண்ணீர் வரும்வரை வாசிக்க வேண்டும்

1

போன வாரம் பல் சுத்தம் செய்யப் போயிருந்தேன். இங்கே மால்மோவில் பல் மருத்துவரிடம் நேரம் கிடைப்பதே பெரிய பாடு. கிடைத்த நாளில் புயல் அடித்தாலும் போய்விட வேண்டும். அன்று நிஜமாகவே காற்று மழையைப் பக்கவாட்டில் வீசிக்கொண்டிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். நாற்காலியில் சாய்த்து, ஈறு மரத்துப்போக ஊசி போட்டு, வாயில் உறிஞ்சுகுழாயை மாட்டிவிட்டு அங்கிருந்த பெண்மணி வேலையை ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் முகக்கவசத்துக்குள் எதையோ முணுமுணுத்துப் பாட ஆரம்பித்தார்.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. இரண்டாவது வரி மேலே போகாமல் சட்டென்று கீழே இறங்கியதும் தூக்கிவாரிப்போட்டது. அது நான் போட்ட மெட்டு.

"ஆ... ஆ..." என்றேன்.

"வலிக்கிறதா?" என்று கையை எடுத்தார். இல்லை என்று தலையாட்டினேன். மறுபடி கருவி உள்ளே போனது, மறுபடி அதே மெட்டு. முன்பின் தெரியாத ஒருவர் என் பாட்டை முணுமுணுக்க வேண்டும் என்று எத்தனையோ வருடம் ஆசைப்பட்டிருக்கிறேன். அந்த நாள் வந்தபோது வாய் நிறையப் பஞ்சு.

முடிந்ததும் கேட்டேன், என்ன பாட்டு அது என்று.

"ஐயோ, பாடினேனா? வீட்டில் என் மகள் ஒரு விளையாட்டு ஆடுகிறாள். வறண்ட ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோவது. நாள் முழுக்க அதுதான் ஓடுகிறது."

"அது நான் இசையமைத்தது" என்றேன். மரத்த உதட்டில் அது என்னவாக வெளியே வந்ததோ, அவர் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் முறை நிதானமாகச் சொன்னதும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, பக்கத்து அறையில் இருந்தவரைக் கூப்பிட்டார். "இங்கே வா, யார் வந்திருக்கிறார் பார்!"

அன்று சாயங்காலம் கோயமுத்தூருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி கண்ணு, சந்தோசம். ஆனா இன்னமுமா அந்த வீடியோ கேமையே ஆடிட்டிருக்கறே?" என்றார். அம்மாவுக்கும், அம்மா மாதிரியே நினைத்துக்கொண்டிருக்கும் மற்ற சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் சுகந்தி. கோயமுத்தூர் கணபதியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். பொறியியல் படித்தேன், மின்னணுவியல். படித்த காலத்தில் வாரக் கடைசியானால் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். கல்யாண வரவேற்பு, கோயில் நோம்பி, கடை திறப்பு விழா, எல்லாவற்றுக்கும் போவோம். கல்யாணம் ஆனதும் அது நின்றுபோனது. கணவர் குமரேசனுக்கு மால்மோவில் வேலை. நானும் இங்கே வந்து, மொழி படித்து, தட்டுத்தடுமாறி ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில் ஒலிப் பிரிவில் சேர்ந்தேன்.

சேர்ந்த புதிதில் அலுவலக மதிய விருந்தில் ஒருவர் இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொன்னார். வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்து, "யாக் ஏ ஃபுல்" என்றேன். எல்லாரும் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். சுவீடிஷில் 'ஃபுல்' என்றால் குடிபோதையில் இருப்பது. கோயமுத்தூர்ப் பொம்பளை பட்டப்பகலில் தண்ணி போட்டுவிட்டு வேலைக்கு வந்திருக்கிறாள் என்று ஒரு நிமிடம் எல்லாரும் நம்பினார்கள்.

அங்கே என் வேலை காலடிச் சத்தம், கதவுச் சத்தம், காற்று, மழை. சரளைக்கல்லில் நடந்தால் ஒரு சத்தம், ஈர மண்ணில் நடந்தால் ஒரு சத்தம். வருடக்கணக்கில் அதைச் செய்தேன். நன்றாகவே செய்தேன். ஆனால் இசை போட வேறு யாராவது வருவார்கள். நான் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதவைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன்.

பிறகு இந்த விளையாட்டு வந்தது. காய்ந்துபோன ஒரு ஊரில் ஒரு பெண். மலையில் இருக்கும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி, மடை மாற்றி, ஊர்வரைக்கும் கொண்டுவர வேண்டும். சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. இயக்குநர் யோனாஸ் என்னைவிட இளையவர், அதிகம் பேசாதவர். நான் மெதுவாகக் கேட்டேன், இதற்கு இசை நான் போடட்டுமா என்று. யோசித்துவிட்டு, "முயற்சி செய்து பார்" என்றார்.

3

முயற்சி செய்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

சினிமாவுக்கு இசை போடுகிறவருக்குக் காட்சி எப்போது முடியும் என்று தெரியும். விளையாட்டில் அது ஆடுகிறவர் கையில் இருக்கிறது. ஒருவர் கடகடவென்று மடையைத் திறந்துவிடுவார். இன்னொருவர் வாய்க்கால் ஓரம் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் வரும் அந்த நொடியில் இசை பொங்க வேண்டும். அந்த நொடி எப்போது என்று எனக்குத் தெரியாது. நான் போட்ட இசை பொங்கிப் பொங்கித் தயாராக நிற்கும், தண்ணீர் வராது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கேட்கிறவருக்கு எரிச்சலாக இருக்கும்.

யோனாஸ் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு, "அழகாக இருக்கிறது, ஆனால்..." என்பார். அந்த 'ஆனால்' எங்கே போய் முடியும் என்று அவருக்கும் தெரியாது. ஒருநாள், "உன் நாட்டு வாத்தியம் ஏதாவது சேர்த்துப் பாரேன்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் கணினியில் சித்தார், தபலா எல்லாம் ஏற்றிச் சேர்த்துப் பார்த்தேன். வெளிநாட்டு ஓட்டலில் லிஃப்ட்டுக்குள் ஓடும் பாட்டு மாதிரி இருந்தது. சித்தாரை என் வாழ்க்கையில் நான் நேரில்கூடப் பார்த்ததில்லை. எனக்கே வெட்கமாகிப்போனது, அழித்துவிட்டேன்.

வீட்டில் மிது, என் மகள், எட்டாம் வகுப்பு. நான் தமிழில் கேட்பேன், அவள் சுவீடிஷில் பதில் சொல்வாள். கொஞ்ச நாளாக அந்தப் பதிலும் தோளைக் குலுக்குவதோடு நின்றுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கெஞ்சி, பாதி முடிந்திருந்த விளையாட்டை ஆடச் சொன்னேன். அடுக்குமாடியின் பொதுச் சலவை அறையில் எங்களுக்கென்று ஒதுக்கிய நேரம் தவறிவிடக்கூடாது என்று கீழ்த்தளத்துக்கு ஓடிப் போய் மெஷினில் துணியைப் போட்டுவிட்டு வந்து பார்த்தால், மிது ரசித்து ஆடிக்கொண்டிருக்கிறாள். இசையை மட்டும் அணைத்து வைத்திருக்கிறாள்.

"ஏன் கண்ணு பாட்டை அணைச்சே?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சுவீடிஷில் சொன்னாள். "அது என்னை விரட்டுதும்மா. ஏதோ நான் லேட் பண்ற மாதிரி."

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். அவள் சொன்னதுதான் சரி. யோனாஸால் சொல்ல முடியாத அந்த 'ஆனால்' அதுதான்.

மறுநாள் யோனாஸ் அதைவிட மோசமான செய்தி சொன்னார். நிறுவனத்தில் மேலே இருப்பவர்கள் ஜெர்மனியில் உள்ள ஒரு இசையமைப்பாளரிடம் பேசத் தொடங்கிவிட்டார்கள். "நீ ஊருக்குப் போய்விட்டு வா. வந்ததும் ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் இசையைப் போட்டுக் காட்டு. அதுவும் சரிவரவில்லை என்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது."

4

ஊருக்குப் போனது சித்தப்பா மகள் அனிதாவின் கல்யாணத்துக்கு. அன்னூரில் மண்டபம். மிது வரமாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

வரவேற்பு அன்று மண்டபத்துக்குள் நுழைந்தால், மேடையில் ரஃபி! எங்கள் பழைய குழுவில் ரிதம் பேட் வாசித்தவன். கோட்டைமேட்டில் அத்தர்க் கடை வைத்திருக்கும் குடும்பம். இப்போது குழுவை அவனே நடத்துகிறான். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த குச்சியாலேயே கூப்பிட்டான்.

"ஏனுங்கக்கா, ஆண்டவனாப் பாத்து அனுப்புனாப்ல வந்தீங்க! கீபோர்டுக்காரருக்குக் காய்ச்சலு. ஏறுங்க மேல."

"டேய், பட்டுச்சேலை கட்டிட்டு வந்திருக்கறேன். வாசிச்சு எத்தன வருசம் ஆச்சு!"

"சேலைக்கும் கீபோர்டுக்கும் என்னுங்க சம்பந்தம்? வெரல் இருக்குதல்ல? ஏறுங்க."

ஏறிவிட்டேன். மாப்பிள்ளை, பெண் உள்ளே வரும் இசை. வாசலில் பூப்பந்தலிலிருந்து மேடைவரைக்கும் அவர்கள் நடந்து வர வேண்டும். ஆரம்பித்தோம். ஆனால் வாசலில் யாரையும் காணவில்லை. அனிதாவின் சேலை மடிப்பில் ஊக்கு கழன்றுவிட்டதாம். அதைக் குத்தி முடித்தால் போட்டோக்காரர் ட்ரோன் பறக்கவில்லை என்கிறார். ரஃபி என்னைப் பார்த்துக் கைவிரல்களை முட்டியாக மடக்கிக் காட்டினான். எங்கள் பழைய சைகை. மடக்கினால் அதே இடத்தைச் சுற்று, கையை விரித்தால் அடுத்ததற்குப் போ.

சுற்றினேன். அவன் பேடில் மெதுவாகச் சிலதைக் கழற்றினான். முதலில் தாளத்தின் கனத்தை எடுத்தான். பிறகு வெறும் கைதட்டல். பேஸ் கிட்டார் மட்டும் அடியில் நடந்துகொண்டிருந்தது. பாடகி தேவகி வார்த்தை இல்லாமல் ஒரு இழு இழுத்துவிட்டுச் சும்மா நின்றார். கீழே நாற்காலியில் இருந்தவர்கள் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். தாமதமாகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. குழந்தைகள் நடைபாதையில் ஆடிக்கொண்டிருந்தன. அனிதா வாசலில் கால் வைத்தாள். ரஃபி கையை விரித்தான். எல்லா வாத்தியங்களோடும் ஒன்றாகத் தாளத்தில் விழுந்தோம், மண்டபமே எழுந்து நின்றது.

இத்தனை மாதம் நான் தண்ணீர் வருவதற்கு மட்டுமே இசை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். காத்திருப்பதற்கு ஒன்றுமே போடவில்லை.

பாட்டு முடிந்ததும் ரஃபியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ரஃபி, எனக்கு வேலை கிடைச்சுப்போச்சுடா!"

"வேலையில்லாமயா அக்கா இத்தன நாள் அங்க இருந்தீங்க?" என்றான்.

5

கல்யாணம் முடிந்த இரண்டொரு நாளில் தேவகியின் ஊருக்குப் போனோம். தேவகி உடுமலைப்பேட்டையில் தேங்காய் வியாபாரம் செய்கிறவர். சனி, ஞாயிறு பாட்டு. அவர் தோப்புக்குப் பக்கத்தில் கிளை வாய்க்காலில் தண்ணீர் விடுகிறார்கள் என்று சொன்னதும், ஒலிப்பதிவுக் கருவியோடு கிளம்பிவிட்டேன். எங்கள் நிறுவனத்தில் தண்ணீர்ச் சத்தம் ஆயிரம் வகை இருக்கிறது. எல்லாம் காட்டு ஓடை, பனி உருகும் ஓடை, ஏற்கெனவே நனைந்த இடங்களில் ஓடும் தண்ணீர். காய்ந்த மண்ணில் முதல் தண்ணீர் வரும் சத்தம் ஒன்றுகூட இல்லை.

வாய்க்காலுக்குள் மைக்கை நட்டு, காற்று இரைச்சல் விழாமலிருக்க மிதுவின் கம்பளி சாக்ஸை அதில் மாட்டிவிட்டு உட்கார்ந்தோம். தேவகி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தண்ணிச் சத்தத்தப் புடிக்கவா அம்மணி அத்தன தொலவுல இருந்து வந்தீங்க?"

"கல்யாணத்துக்கு வந்தனுங்க. இதையும் புடிச்சுட்டுப் போலாம்னு."

"புடிங்க, புடிங்க. மோட்டார்ச் சத்தமா இருந்தா எங்கூட்லயே வேண்டிய அளவு இருக்குது, அதயும் எடுத்துட்டுப் போங்க."

காலையில் வரும் என்றார்கள், வரவில்லை. மேலே யாரோ மடையைத் தங்கள் பக்கம் திருப்பிவிட்டார்களாம். ரஃபி தென்னை நிழலில் தூங்கிவிட்டான். மிது வாய்க்காலின் கரைமேல் நடந்து நடந்து, கடைசியில் என் ஹெட்போனைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். வெயில் உச்சிக்கு வந்த சமயத்தில் திடீரென்று கையை உயர்த்திச் சுவீடிஷில் சொன்னாள்.

"அம்மா, யாரோ பேப்பரைக் கசக்கறாங்க."

அதுதான். தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சருகுகள் நகரத் தொடங்கியிருந்தன. நுரையும் குச்சியுமாக ஒரு பழுப்பு நாக்கு வளைவு திரும்பி வந்தது. வெடிப்புகளுக்குள் அது இறங்க இறங்க மண் மடக் மடக்கென்று குடித்தது. குமிழிகள் உடைந்தன. மைக்கைத் தாண்டிப் போகும்வரை நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. தாண்டியதும் மிது கத்தினாள், தமிழில். "அம்மா, மண்ணு குடிக்குது!"

அந்தக் கத்தலும் பதிவில் இருக்கிறது. விளையாட்டில் அதை எடுத்துவிட்டேன். என் போனில் வைத்திருக்கிறேன்.

6

மால்மோ திரும்பியதும் அந்த ஒரு கட்டத்தை முதலிலிருந்து கட்டினேன். இசையைத் துண்டு துண்டாக எழுதினேன். எந்தத் துண்டுக்குப் பின்னாலும் எந்தத் துண்டும் வரலாம். ஆடுகிறவர் நின்றால் இசையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவைத்துவிட்டு அவரோடு உட்காரும். அவர் மடையைத் தொட்டதும் கை விரியும். இதை இயக்கும் கணினி நிரலுக்குள் ஒரு நிலைக்குப் பெயர் 'முட்டி', இன்னொன்றுக்கு 'விரி'. நிரலர்கள் என்ன பெயர் இது என்று கேட்டார்கள், விளக்கினேன். இப்போது அலுவலகக் கூட்டத்திலேயே சுவீடன்காரர்கள் கையை மடக்கிக் காட்டுகிறார்கள்.

யோனாஸ் ஹெட்போனை மாட்டி ஆட ஆரம்பித்தார். வேண்டுமென்றே நின்றார். வந்த வழியே திரும்பிப் போனார். மேகம் பார்த்தார். பிறகு மடையைத் திறந்தார். உடுமலைத் தண்ணீர் சருகைத் தள்ளிக்கொண்டு வந்தது, இசை விழுந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆடினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஜெர்மனிக்கு நானே போன் செய்கிறேன்" என்றார். 'ஆனால்' வரவில்லை.

வாசிக்க ரஃபியின் குழுதான் வேண்டும் என்றேன். கோயமுத்தூரில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம் பிடித்தோம். அங்கேயும் சுலபமாக முடியவில்லை. துண்டுகள் ஒட்ட வேண்டும் என்றால் எல்லாரும் காதில் ஒலிக்கும் 'டிக் டிக்' ஒன்றுக்குக் கட்டுப்பட்டு வாசிக்க வேண்டும். ரஃபிக்கு அது ஆகவே இல்லை.

"அக்கா, இது கூட்டத்தப் பாக்க மாட்டேங்குது. இத நம்பி எப்படி வாசிக்கறதுங்க?"

கடைசியில் அவன் வாசிப்பையே முதலில் பதிவு செய்து, அந்த டிக் டிக்கை எடுத்துவிட்டு, மற்றவர்களை அவனுக்குக் கட்டுப்பட வைத்தோம். அவன் கையில் இருந்த சின்னச் சின்ன இழுப்புகளைக் கணக்குப் பார்த்து நிரலில் ஏற்ற எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் பிடித்தது. தேவகிக்கோ வேறு கவலை.

"வார்த்தையே இல்லாம எதப் பாடறதுங்க அம்மணி?"

"தண்ணி எப்ப வருமோன்னு பாத்துட்டு இருக்கற மாதிரிப் பாடுங்க."

"அட, அதத்தான் வருசா வருசம் பண்ணிட்டிருக்கறனே!" என்று சிரித்துவிட்டு ஒரே மூச்சில் பாடினார். இரண்டாவது வரி மேலே போக வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். அவர் கீழே இறக்கினார். நான் எழுதியதை அடித்துவிட்டேன்.

7

விளையாட்டு வெளிவரும்போது மால்மோவில் மேடையில் நேரடியாக வாசிக்க வேண்டும் என்று நிறுவனம் ஆசைப்பட்டது. ரஃபி குழுவுக்கு விசா விண்ணப்பித்தோம். தொழில் என்ற இடத்தில் 'லைட் மியூசிக்' என்று எழுதியிருந்தார்கள். விசா அலுவலக அதிகாரி அதை விளக்கு போடுவதும் இசையும் என்று புரிந்துகொண்டு, எத்தனை விளக்குகள் கொண்டுபோகிறீர்கள் என்று விவரம் கேட்டார்.

"லைட்டு எங்களுது இல்லீங்க, அது பந்தல்காரருது" என்று ரஃபி உண்மையைச் சொல்லிவிட்டான். அப்படியென்றால் பந்தல்காரர் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று அடுத்த கேள்வி. நான் இங்கிருந்து விளக்கம் எழுதினேன், நிறுவனம் எழுதியது. கடைசியில் மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போவார்கள் என்ற நம்பிக்கை இல்லையாம்.

நான் உடைந்துபோய் யோனாஸிடம் போனேன். அவர் வழக்கம்போல யோசித்தார். "அவர்களால் இங்கே வர முடியாது. நம்மால் அங்கே போக முடியும் இல்லையா?"

இப்படித்தான் கோயமுத்தூரில், அவினாசி சாலையில் ஒரு அரங்கத்தில், ஒரு சுவீடன் விளையாட்டின் வெளியீட்டு விழா நடந்தது. கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். முன்வரிசையில் என் சொந்தக்காரர்கள், அனிதா, கைக்குழந்தையோடு. மேடையில் பெரிய திரை. திரைக்கு ஒரு பக்கம் நாங்கள். இன்னொரு பக்கம் ஒரு நாற்காலியில் மிது, கையில் கன்ட்ரோலர். அவள் ஆட ஆட, நாங்கள் பார்த்துப் பார்த்து வாசிக்க வேண்டும். யார் ஆடுவது என்று பேச்சு வந்தபோது, "நான்" என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

ஆரம்பித்தோம். மலை, காற்று, வெட்டிய வாய்க்கால். மிது சரசரவென்று ஆடி மடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். கூட்டம் சத்தம் போட்டது. அவள் நின்றுவிட்டாள்.

ரஃபி கையை முட்டியாக மடக்கினான். சுற்றினோம். கனத்தை எடுத்தான். கைதட்டலுக்கு வந்தான். அரங்கம் முழுவதும் அந்தக் கைதட்டலோடு சேர்ந்துகொண்டது. மிது திரையைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரஃபி மைக்கில், "அம்மணி, தொறந்து உடறீங்களா, இல்ல நாங்க ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்றான். அரங்கம் அதிர்ந்தது. "இன்னும் கொஞ்சம் வாசிங்க மாமா, நல்லா இருக்குது!" என்று அவளும் பதிலுக்குக் கத்தினாள்.

வாசித்தோம். பேஸ் நடந்தது. தேவகி இழுத்தார். யோனாஸ் மேடை ஓரத்தில் நின்று தன் கையையும் மடக்கி வைத்திருந்தார், அவர் அதை அறியவே இல்லை.

மிது மடையைத் திறந்தாள். ரஃபியின் கை விரிந்தது. உடுமலைத் தண்ணீர் அரங்கத்தின் ஒலிபெருக்கிகளில் சருகைத் தள்ளிக்கொண்டு வந்தது, நாங்கள் அத்தனை பேரும் அதன்மேல் ஒன்றாக விழுந்தோம். முன்வரிசையில் அம்மா எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கித் தட்டியதை நான் கீபோர்டிலிருந்து பார்த்தேன். தவறான ஒரு சுரத்தை அழுத்திவிட்டேன். யாருக்கும் கேட்கவில்லை.

முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "ஒன்ஸ் மோர்!" பிறகு அரங்கம் முழுவதும். யோனாஸ் என்னிடம் வந்து, என்ன கேட்கிறார்கள் என்றார். இன்னொரு முறை வேண்டுமாம் என்றேன்.

"ஆனால் இது பாட்டு இல்லையே, விளையாட்டு. அதே மாதிரி எப்படி வரும்?"

மிதுவுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. அவள் ஏற்கெனவே முதல் திரைக்குப் போய்விட்டாள். ரஃபி குச்சிகளைத் தட்டிக் கணக்குக் கொடுத்தான். மலை வந்தது, காற்று வந்தது. மிது இந்த முறை வேறு பக்கமாக வெட்டத் தொடங்கினாள். நாங்களும் அவள் பின்னாலேயே போனோம்.